பிரேக் கட்டைக்கு ஒரு சான்றுடல்

மனித குலத்தின் நெடிய வரலாற்றில், பெற்றவர்கள் தங்கள் உடலையே சாட்சியாக நிறுத்திப் பிள்ளைகளின் கைத்திறனுக்கு மகுடம் சூட்டிய முதல் நாகரிகம் நம்முடையதுதான்.

இந்த வாக்கியத்தை எழுதியவர் முனைவர் பிரணவ்குமார், பள்ளித் தொழிற்பயிற்சித் துறையின் இணை இயக்குநர். தேர்வு நாளான அன்று காலை ஏழு மணிக்கு அவர் குரலிலேயே அது கோயம்புத்தூரின் எல்லா வீட்டுப் பேசும் சுவர்களிலும் ஒலித்தது. அவர் வீட்டுச் சுவரிலும் ஒலித்தது. அவர் அப்போது கழிவறையில் இருந்தார். விடிந்ததிலிருந்து அது நான்காவது முறை.

"ஏனுங்க, உங்க பேச்சு போயிட்டு இருக்குது, கேக்குதுங்களா?" என்று கதவுக்கு வெளியே நின்று மனைவி தன்ஷிகா கேட்டாள்.

"கேக்குது, கேக்குது."

"நல்லாத்தான் பேசியிருக்கீங்க. ஓமத் தண்ணி வெச்சிருக்கறேன், குடிச்சிட்டுக் கிளம்புங்க. ஒம்பது மணிக்கு உடல் குடுக்கோணும்."

ரேஷன் வாங்கோணும் என்பது போலத்தான் அவள் அதைச் சொன்னாள். 2071இல் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். பிப்ரவரி பிறந்துவிட்டால் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருக்கிற வீடுகளில் திட்டுச் சத்தம் நின்றுவிடும். "கண்ணு, பால் குடிக்கறயா, காத்தாடி போடட்டுமா" என்று பெற்றவர்கள் பிள்ளைகளின் பின்னாலேயே திரிவார்கள். மார்ச் மாதத்தில் யாரும் யாரையும் பகைத்துக்கொள்ள விரும்புவதில்லை, அதிலும் தாங்கள் பெற்றதை.

ஏற்பாடு என்னவோ நல்லதுதான். ஒன்பதாம் வகுப்பிலேயே ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தொழிலை எடுத்துக்கொள்ள வேண்டும். பாதி நாள் வகுப்பு, பாதி நாள் பட்டறை. சிக்கல் எல்லாம் சான்றிதழில் வந்தது. முன்பு ஆய்வறிவி என்ற இயந்திரம் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தது. பிள்ளைகள் பொருளைச் செய்ய உதவியது இன்னொரு இயந்திரம். இரண்டும் ஒன்றுக்கொன்று நூற்றுக்கு நூறு போட்டுக்கொண்டன. அப்படி நூறு வாங்கிய ஒரு மேம்பாலம் திறப்பு விழா மேடையையும் சேர்த்துக்கொண்டு கீழே இறங்கிய பிறகுதான் மெய்ச்சான்றுச் சட்டம் வந்தது.

மாணவர் செய்த பொருளை அவரைப் பெற்றவர்களில் ஒருவர் தன் உடம்பால் பயன்படுத்திக் காட்ட வேண்டும். ரொட்டி சுட்டால் தின்ன வேண்டும். மின்கம்பி இழுத்தால் தொட வேண்டும். பல் கட்டினால் தன் வாயில் கட்டிக்கொள்ள வேண்டும். அப்படி நிற்பவருக்குச் சான்றுடல் என்று பெயர். அந்தச் சொல்லை உண்டாக்கியவர் பிரணவ்குமார். அதற்காக ஒரு சால்வையும் வாங்கினார். நூற்றில் மூன்று சான்றுடல்களுக்கு ஏதாவது ஆகத்தான் செய்தது. துறையின் ஆண்டறிக்கையில் அதற்குக் 'கற்றல் தேய்மானம்' என்று ஒரு தலைப்பு உண்டு. அதுவும் அவர் வைத்ததுதான்.

சட்டம் வந்ததும் ஒரு விந்தை நடந்தது. பெரிய அதிகாரிகளின் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் எப்படியோ அலங்கார மீன் வளர்ப்பில் ஆர்வம் பிறந்தது. மீன் தொட்டிக்கு முன்னால் பத்து நிமிடம் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் சான்றுடலின் வேலை முடிந்தது. பிரணவ்குமாரும் தன் மகள் எழினிக்காக மீன் வளர்ப்பு விண்ணப்பத்தைத்தான் வாங்கி வந்தார்.

"மீன் நல்லா இருக்கும் கண்ணு. கலர் கலரா இருக்கும்" என்றார்.

"மீன் கீழ விழாதுங்கப்பா. எனக்கு விழறதைப் பிடிக்கற வேலைதான் வேணும்" என்று சொல்லிவிட்டு எழினி லிஃப்ட் அவசர பிரேக் பிரிவில் பெயர் கொடுத்துவிட்டாள். அதிகாரியின் மகளே ஆபத்தான தொழிலை எடுத்தாள் என்று செய்தி வந்தது. கூடவே அவர் சிரிக்கிற படமும் வந்தது. அதன் பிறகு பின்வாங்க வழியில்லை.

பள்ளியின் தேர்வுக் கோபுரம் இருபத்திரண்டு மாடி. உள்ளே ஒரே ஒரு லிஃப்ட். சான்றுடலை உச்சிக்குக் கொண்டுபோய் மூன்று மணி அடிப்பார்கள். மூன்றாவது மணியில் கம்பிவடத்தை விடுவிப்பார்கள். கூண்டு விழும். மாணவர் செய்து மாட்டிய இரண்டு பிரேக் கட்டைகளும் ஒரு முழத்துக்குள் தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ள வேண்டும். கவ்வாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சட்டத்தில் தனிப் பிரிவு கிடையாது.

வரிசையில் பிரணவ்குமாருக்கும் தன்ஷிகாவுக்கும் முன்னால் சிவநேசன் என்பவர் உட்கார்ந்திருந்தார். சரக்குக் குருவி எனப்படும் ஆளில்லாப் பறவைகளை ஓட்டுகிறவர். அவருடைய இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை.

"மூத்தவன் மாவு மில்லு மெசின் செஞ்சானுங்க" என்று கையைத் தூக்கிக் காட்டினார். "கொஞ்சம் முன்னாடியே ஓடிருச்சு. இன்னைக்கு ரெண்டாவது பொண்ணு. இதுல ஒண்ணும் போகாதுங்க சார், போனா மொத்தமாப் போயிரும்."

தன்ஷிகா சிரித்தாள். பிரணவ்குமாருக்கு உதடு அசைந்தது.

"எதுக்குங்க இப்படி வேர்க்குது உங்களுக்கு? கட்டை காஞ்சு கெடந்தாப் போதும், கப்புன்னு கவ்விக்கும். ஒரு சொட்டு எண்ணெய் பட்டிருந்தாத்தான் சோலி முடிஞ்சுது. வழுக்கிட்டு நேரா பேஸ்மென்ட்டு" என்றார் சிவநேசன்.

பிரணவ்குமார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எண்ணெயா?" என்றார்.

"ஆமாங்க. எம்பொண்ணு சாப்பிட்டுட்டுக் கைகூட ரெண்டு தடவை கழுவறா."

முந்தின நாள் மாலை, மாணவர்களின் வேலைகளைப் பெற்றோர் பார்வைக்காக மேசைமேல் வரிசையாக வைத்திருந்தார்கள். மேற்பார்வை என்று சொல்லி இணை இயக்குநர் தனியாக உள்ளே போனார். எழினியின் இரண்டு கட்டைகளும் கறுப்பாக, சொரசொரவென்று, பார்க்கவே வறண்டு கிடந்தன. முனைவர் பட்டம் வாங்கியவருக்கு இயந்திரங்களைப் பற்றி வாழ்க்கையில் ஒன்றே ஒன்றுதான் தெரியும். கதவு கிறீச்சிட்டால் எண்ணெய் விடுவார்கள், தையல் மிஷினுக்கு எண்ணெய் விடுவார்கள். ஆகவே எண்ணெய் நல்லது. முன்தலையில் மிச்சமிருக்கும் முடிக்காகக் கைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் தேங்காய் எண்ணெய்ப் புட்டியை எடுத்து, இரண்டு கட்டைகளிலும் பாசத்தோடு தடவிவிட்டு வந்தார். அந்த ராத்திரி மட்டும்தான் அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

இப்போது சொல்லிவிடலாம். எழுந்து போய்த் தேர்வாளரிடம் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஆனால் பெற்றவர்கள் மாணவரின் வேலையைத் தொட்டால் மாணவருக்கு ஓராண்டு போகும், தொட்டவர் பெயர் எல்லா வீட்டுச் சுவர்களிலும் ஏழு நாள் வாசிக்கப்படும். பதினோராம் பிரிவு. அவர் எழுதியது. அவர் குரலிலேயே வாசிக்க ஏற்பாடாகியிருந்தது.

சிவநேசன் உள்ளே போனார். மேலே எங்கோ மணி அடித்தது. ஒரு டமால் சத்தம், தரை அதிர்ந்தது. ஐந்து நிமிடத்தில் அவர் மீசையைத் தடவிக்கொண்டு வெளியே வந்தார். "குடல் மட்டும் இன்னும் மேலயே இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"எழினி பிரணவ்குமார். சான்றுடல் வரலாம்" என்று தேர்வாளர் ரெஹானா பேகம் கூப்பிட்டார். முப்பது வருடம் லிஃப்டுகளோடு இருந்தவர், அவற்றைப் போலவே அளந்து பேசுவார். எழினி நீல மேலங்கியோடு கட்டுப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அப்பாவைப் பார்த்தாள். பார்வையை எடுக்கவே இல்லை.

பிரணவ்குமார் எழுந்தார். திரும்ப உட்கார்ந்தார்.

"மேடம், படிவத்துல ஒரு சின்னத் தெளிவின்மை இருக்குது. இன்னொரு நாளைக்கு..."

"படிவம் நீங்க எழுதுனதுதானுங்களே சார்."

"அதுதான் சொல்றேன், அதை மறுபரிசீலனை..."

"அப்பா" என்றாள் எழினி. "ஏதாவது சொல்லணுமா?"

அவர் வாயைத் திறந்தார். உலகத்தில் அவ்வளவு எளிமையான கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. "ஆல் தி பெஸ்ட் கண்ணு" என்றார்.

தன்ஷிகா அவர் முகத்தைப் பார்த்தாள். சட்டைக் காலர்வரை வேர்வை ஓடியிருந்தது. "உங்களுக்கு ஒடம்பு சரியில்லைங்க. நான் போறேன், நானும் பெத்தவதானே" என்று சொல்லிப் போய்ப் பெருவிரலைக் கருவியில் வைத்தாள். கருவி பச்சை காட்டியது. ஒரு வேலைக்கு ஒரே சான்றுடல், வைத்த விரலை எடுக்க முடியாது. அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு கூண்டுக்குள் போய், கோயில் சன்னிதியில் நிற்பது போல நேராக நின்றாள்.

கதவு மூடத் தொடங்கியது. பிரணவ்குமார் ஓர் எட்டு பின்னால் வைத்தார். அதை யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். இந்தப் பெண் அவருக்கு இருபது வருடமாக ஓமத் தண்ணீர் வைக்கிறவள். கதவின் இடைவெளி ஒரு சாண் ஆனது. அவர் பாய்ந்து தோளை உள்ளே கொடுத்தார். சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து விழ, உள்ளே வந்துவிட்டார். மாற்றி யோசிப்பதற்குள் கதவு மூடிக்கொண்டது. வெளியே ரெஹானா பேகம் ஏதோ சொன்னது கேட்டது. பிறகு கூண்டு மேலே ஏறியது.

"நீங்க எதுக்குங்க வந்தீங்க?" என்றாள் தன்ஷிகா.

எட்டாவது மாடி. ஒன்பது. கூண்டின் தரை மெல்லிய தகடு, அதற்குக் கீழே வெறும் காற்று. அந்தக் காற்று வளர்ந்துகொண்டே போவதை அவர் உள்ளங்காலில் உணர்ந்தார்.

"தன்ஷி, நான் எண்ணெய் போட்டுட்டேன்."

"என்ன எண்ணெய்?"

"தேங்காண்ணெய். கட்டையில. நேத்து." இருபது. இருபத்தொன்று. "வழுக்கிரும். நம்ம ரெண்டு பேரும் சாகப் போறோம்."

முதல் மணி அடித்தது.

சுவரில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. அமுக்கினால் தேர்வு நிற்கும், மாணவர் தோற்றதாகப் பதிவாகும். அவர் கை அதை நோக்கிப் போனது. தன்ஷிகா அந்தக் கையைப் பிடித்து இறக்கி, தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து அழுத்திக்கொண்டாள். அவள் விரல்களும் சில்லிட்டிருந்தன.

"விடு தன்ஷி, சொன்னாக் கேளு."

"நேத்து நீங்க தடவுனீங்க. இன்னைக்குக் காலைல மாட்டுனது யாரு? அவ பாக்காம மாட்டியிருப்பாளா?"

"பாக்கலைன்னா?"

இரண்டாவது மணி.

"அப்ப எனக்கும் பயமாத்தான் இருக்குது. பேசாம இருங்க" என்றாள்.

மூன்றாவது மணி அவருக்குக் கேட்கவே இல்லை. தரை இல்லாமல் போனது. வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அது தன்னுடையது என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு இரும்பு இரும்பைக் கடித்தது. இருவரும் தரையில் கிடந்தார்கள், கூண்டு அந்தரத்தில் நின்றது. இருபத்திரண்டாம் மாடிக்குக் கீழே பதினேழு சென்டிமீட்டர்.

கீழே இறக்கிக் கதவைத் திறந்தபோது ரெஹானா பேகம் பட்டியலில் குறித்துக்கொண்டிருந்தார். கூண்டுக்குள் ஒலிவாங்கி உண்டு. உள்ளே பேசியதைக் கேட்டிருந்த எல்லாப் பெற்றோரும் பிரணவ்குமாரையே பார்த்தார்கள்.

"காலைல எட்டு பத்துக்கு 'அயல்பொருள் நீக்கம்'னு இந்தப் பொண்ணு பணிக்குறிப்புல எழுதியிருக்குது. பழுதைத் தானே கண்டுபிடிச்சா அந்த வேலை செல்லும், பதினோராம் பிரிவு மாணவரைத் தொடாது" என்றார் தேர்வாளர். "தேர்ச்சி. தொட்டவர் பேரு மட்டும் சுவத்துக்குப் போகும்."

எழினி அம்மாவைத் தூக்கி நிறுத்தினாள். அப்பாவுக்கும் கை கொடுத்தாள்.

"கட்டையில தேங்காண்ணெய் வாசம் வந்துச்சு. அது நம்ம வீட்டு வாசம்" என்றாள். "ஸ்பிரிட் போட்டு மூணு தடவை தொடச்சுட்டுத்தான் மாட்டுனேன். நீங்க சொல்லுவீங்கன்னு காலைல இருந்து பாத்துட்டே இருந்தேங்கப்பா."

பிரணவ்குமார் குனிந்து, தெறித்து விழுந்த சட்டைப் பொத்தானைத் தேடினார்.

சான்றிதழ் அப்போதே அச்சாகி வந்தது. சான்றுடல் என்ற இடத்தில் தன்ஷிகாவின் பெயர் இருந்தது. பிரணவ்குமாரின் பெயர் எங்கும் இல்லை. வழக்கமாக எடைக்கு வைக்கும் மணல் மூட்டைகளைக் குறிக்கும் கட்டத்தில், கூடுதல் சுமை எண்பத்தாறு கிலோ, வகை இதர, என்று போட்டிருந்தது.