கறுப்புச் சிலுவைப் பக்கம்

அடிவாரத்திலிருந்து மலைமேல் இருக்கும் கிறிஸ்தவ மடத்துக்கு ஒன்றரை மணி நேர ஏற்றம். மரத்துக்கு மரம் நீலக்கோடு போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துக்கொண்டே போனால் குழந்தைகூடப் போய்ச் சேர்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை என்றால் முதுகுப்பையும் கைத்தடியுமாக ஊரே ஏறும். அன்றைக்கு வியாழன். அக்லாயாவும் அவள் நாத்தனார் ஸ்மராந்தாவும் மட்டும்தான் ஏறினார்கள்.

ஏறினார்கள் என்ன, அக்லாயா ஓடாத குறை.

விஷயம் இதுதான். மடத்தில் பெயர்ச்சீட்டு கொடுத்தால் நாற்பது நாள் பூசையில் வாசிப்பார்கள். சீட்டின் முன்பக்கம் சிவப்புச் சிலுவை, உயிரோடு இருப்பவர்களுக்கு. பின்பக்கம் கறுப்புச் சிலுவை, செத்துப்போனவர்களுக்கு. அக்லாயா சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒருவர் விடாமல் எழுதினாள். மகன் பேரை மறக்கவா போகிறோம் என்று அதைக் கடைசிக்கு வைத்தாள். முன்பக்கம் நிறைந்துவிட்டது. அவசரத்தில் சீட்டைப் புரட்டி, மகன் பேரைப் பின்பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

மறுநாளே மகன் காவ்ரில் காய்ச்சலில் விழுந்தான். மூன்று வாரமாக நகரத்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், என்ன காய்ச்சல் என்று யாருக்கும் பிடிபடவில்லை. நேற்று மேசை இழுப்பறையில் ஒரு வெற்றுச்சீட்டைப் பார்த்தபோதுதான் அவளுக்கு உறைத்தது.

"பசுமாட்டுப் பேருக்கு இடம் இருந்துச்சு, பிள்ளை பேருக்கு இல்லையா அண்ணி?" என்றாள் ஸ்மராந்தா, மூச்சு வாங்கிக்கொண்டே.

"வாயை மூடிட்டு வாடி. அப்ப அதுக்குப் பால் வத்திப் போயிருந்துச்சு."

ஸ்மராந்தா சிரித்தாள். சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்தவள், பிள்ளை குட்டி கிடையாது. காவ்ரிலை இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்ததே அவள்தான். பயத்தை மறைக்கத்தான் கிண்டல் பண்ணுகிறாள் என்று அக்லாயாவுக்கும் தெரியும்.

பாதி வழியில் மூடுபனி இறங்கியது. நீலக்கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஈர இலையின் வாடையோடு வேறொரு வாடையும் வந்தது, மெழுகுவர்த்தியை அப்போதுதான் ஊதி அணைத்த மாதிரி.

பறவைச் சத்தம் நின்றுபோயிற்று.

மேலே யாரோ நின்றார்கள்.

கறுப்பு அங்கி, நரைத்த தாடி. மடத்துச் சாமியார்தான் என்று அக்லாயாவுக்கு உயிர் வந்தது.

"கீழயா போறீங்க சாமி?"

"ஆமாம்மா. காவ்ரில்னு ஒருத்தரைக் கூட்டிட்டு வரணும். மூணு வாரமா பேரு வாசிக்கிறாங்க. ஆளு இன்னும் வந்து சேரலை."



"அவன் உயிரோட இருக்கான் சாமி," என்றாள் மெல்ல. "நான்தான் தப்பா எழுதிட்டேன். விட்டுடுங்க."

அவர் கோபப்படவில்லை. கடைக்காரர் சில்லறை இல்லை என்று சொல்வதைப் போலச் சங்கடமாக உதட்டைப் பிதுக்கினார்.

"வாசிச்சாச்சேம்மா. வெறுங்கையோட திரும்ப முடியாது. அப்ப வேற யாரு?"

என்னை எடுத்துக்கோ என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது.

ஆனால் அவள் கண் ஒரு கணம் பின்னால் திரும்பிவிட்டது. பத்தடி கீழே, ஸ்மராந்தா குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அவர் தலையாட்டினார்.

அக்லாயா மறுபடி திரும்பியபோது பாதையில் பனிதான் இருந்தது.

"யாரோட பேசிட்டிருந்தே அண்ணி?"

"யாரும் இல்லை. வா."

மடத்து வாசல் பெஞ்சில் ஸ்மராந்தா கால் நீட்டி உட்கார்ந்துவிட்டாள். அக்லாயா மட்டும் உள்ளே போனாள். சீட்டுகளுக்குப் பொறுப்பான சொஃப்ரோனி சாமி பெட்டியைத் திறந்து தேடி எடுத்துக் கொடுத்தார்.

"இன்னிக்கு எங்க ஆளுங்க யாரும் கீழ இறங்கலையேம்மா," என்றார், அவள் கேட்டதற்கு.

அவள் சீட்டைப் புரட்டினாள். கறுப்புச் சிலுவைக்குக் கீழே காவ்ரில் இல்லை.

ஸ்மராந்தா என்று இருந்தது.

அக்லாயாவின் கையெழுத்தேதான். மை இன்னும் காயவில்லை.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. காவ்ரில்!

"அம்மா, பசிக்குதும்மா. காய்ச்சல் இல்லையாம், நர்ஸ் இப்பத்தான் பார்த்தாங்க. சூப் குடிக்கலாமா?"

"குடிடா. வயிறு நிறையக் குடி." அவள் வாய்விட்டு அழுதாள். இவ்வளவு சந்தோஷத்தை அவள் பிரசவத்தன்றுகூட அறிந்ததில்லை.

சொஃப்ரோனி சாமி பேனாவை நீட்டினார். "ஏதோ தப்பு இருக்குன்னீங்களே. அடிச்சுத் திருத்திக் குடுங்க. சாயங்காலம் வாசிக்கணும்."

அடித்தால் வழியில் பனிக்குள் நின்றவர் மறுபடி கேட்பார். வேற யாரு என்று கேட்பார்.

வாசலிலிருந்து ஸ்மராந்தாவின் குரல் வந்தது. "அண்ணி, நீ முடிச்சிட்டு மெதுவா வா. இந்தச் சாமி குறுக்குவழி காட்டுறேங்கிறாரு. நான் முன்னாடி போறேன்."

பேனா நீட்டியபடியே இருந்தது.

அக்லாயா சீட்டை மடித்துப் பெட்டிக்குள் போட்டாள்.

"தப்பு ஒண்ணும் இல்லை சாமி," என்றாள்.

வெளியே ஸ்மராந்தா யாருக்கோ மரியாதையாகப் பதில் சொல்லிக்கொண்டே இறங்கிப் போகும் சத்தம் கேட்டது.