வெள்ளிக்கிழமைக் கவிச்சி

எலுமிச்சை மரத்தடியில் ஓர் ஈகூட மொய்க்கவில்லை. காலையில் ஒரு சொம்பு ரத்தம் ஊற்றிய மண் அது. பங்குனி வெயிலுக்கு இந்நேரம் நாறிக் கிடக்க வேண்டும். ராஜாங்கம் செருப்புக் காலால் கிளறிப் பார்த்தார். வெறும் புழுதி. சோம்பேறிக் கழுதை, வாசல் சாக்கடையிலேயே கவிழ்த்துத் தொலைத்திருப்பாள் என்று மனைவி பவுனம்மாளை வாய்க்குள் திட்டிக்கொண்டார்.

அது அவருடைய சொந்த ரத்தம். செஞ்சிக் கடைத்தெருவில் மல்லாட்டை மண்டி வைத்து வேர்க்கடலை வியாபாரம் செய்த ராஜாங்கத்துக்கு முகம் செக்கச்செவேலென்றிருக்கும். அதில் அப்படியொரு கர்வம் அந்த மனுஷனுக்கு. மூட்டை தூக்க வருகிற வெளுத்த முகங்களைப் பார்த்தால் இதெல்லாம் ஒரு உடம்பா என்று காறித் துப்புவார். பிறகு காதில் ஓயாத இரைச்சல் வந்தது. குளித்து எழுந்தால் மேலெல்லாம் அரிப்பு. நாலு படி ஏறினால் நெஞ்சில் கனம். விநாயகம் டாக்டர் விரலில் குத்திப் பார்த்தார். சிவப்பணு அளவுக்கு மிஞ்சி ஊறியிருக்கிறது, ரத்தம் கெட்டிப்பட்டுவிட்டது, அதைத் தள்ளித் தள்ளியே இதயம் களைத்துப்போகிறது என்றார். எங்காவது உறைந்து அடைத்தால் கை கால் விழும், உயிரும் போகும். மாதாமாதம் ஒரு சொம்பு எடுத்துவிட வேண்டும்.

துணைக்கு வந்து மூலையில் நின்ற பவுனம்மாளையும் டாக்டர் கூப்பிட்டு, கீழிமையை இழுத்துப் பார்த்தார். சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"இவங்களுக்கு நேர் எதிரு. ரத்தம் தண்ணியா கீது, பத்தாததுக்கு நெஞ்சு ஓடிக்கிட்டே இருக்குது. ஈரல், ரத்தம்லாம் இவங்களுக்குக் குடுங்க," என்றார்.

ராஜாங்கம் சிரித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ரத்தப் பொரியல் அந்த வீட்டில் அவர் ஒருவருக்குத்தான். அவள் சட்டியை வழித்துக் கஞ்சியில் போட்டுக்கொள்வதோடு சரி. சட்டி தேய்க்கிறவளுக்கு ரத்தம் எதற்கு என்று டாக்டர் எதிரிலேயே கேட்டார். ஆனால் தன் ரத்தத்தை மட்டும் அங்கே கொட்ட விடவில்லை. கண்டவன் மிதிக்கவா அது? வெள்ளிக்கிழமை அவளையும் துணைக்கு நிறுத்தி எடுத்ததைப் பித்தளைச் சொம்பில் வாங்கி, வண்டியில் வைத்துக் கொண்டுவந்து, நம் மரத்துக்கு ஊற்று என்று அவளிடம் நீட்டினார். ஒவ்வொரு மாதமும் அப்படித்தான்.

மரத்தடியிலிருந்து திரும்பும்போது அந்த வாசனை வந்தது. சின்ன வெங்காயமும் சோம்பும் எண்ணெயில் வதங்கும் மணம், அதற்கும் அடியில், இரும்பைச் சுட்ட மாதிரி, ஞாயிற்றுக்கிழமைக்கே உரிய மணம். வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் கவிச்சி ஆகாது. யுத்த காலம், மண்ணெண்ணெய்க்கு ரேஷன், விளக்கேற்றாத அடுக்களையில் அடுப்பின் தணல் மட்டும் தெரிந்தது. பவுனம்மாள் முதுகைக் காட்டி உட்கார்ந்து எதையோ நிதானமாக மென்றுகொண்டிருந்தாள். அவருக்கு முன்னால் அவள் சாப்பிட்டு அவர் பார்த்ததேயில்லை.

"இன்னா அது?"

பழைய சோறு என்றாள், திரும்பாமல். அதட்ட வாயெடுத்தவர் ஏனோ அதட்டவில்லை. பயமா? இவளிடமா? தூ.

அதற்கப்புறம் அவர் கண் அவள்மேலேயே கிடந்தது. ஒரு குடத்துக்கே மூச்சிரைத்தவள் இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாக நடந்தாள். நகம் சிவந்திருந்தது. உதடு சிவந்திருந்தது. படுத்தால், அவள் பாயிலிருந்து அவள் நெஞ்சு அடிப்பது அவருக்குக் கேட்டது. முன்னே படபடவென்று ஓடிய நெஞ்சு இப்போது கனமாக, மெதுவாக அடித்தது. அது தன்னுடைய அடி என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று.

டாக்டரிடம் என்னவென்று சொல்வது? பெண்டாட்டி என்னைத் தின்கிறாள் என்றா? ஊர் சிரிக்கும். இனி ரத்தமே எடுப்பதில்லை, இந்தக் கழுதைக்கு ஒரு சொட்டுக் கிடையாது என்று முடிவு கட்டினார். டாக்டர் ஆள்விட்டுக் கூப்பிட்டார். போகவில்லை. தேய்த்துப் பளபளத்த சொம்பை அவள் வாசற்படியில் கொண்டுவந்து வைத்தாள். எட்டி உதைத்தார். அவள் எடுத்துப்போனாள்.

சித்திரை பிறந்தது. பகலெல்லாம் வெயில் குடித்த கோட்டைப் பாறைகள் பொழுது சாய்ந்ததும் ஊருக்குள் அனலைக் கக்கின. காதிரைச்சல் ஏறிக்கொண்டே வந்தது. கட்டிலிலிருந்து எழப் பார்த்தார். வலது கை வரவில்லை. காலும் வரவில்லை. பவுனு என்று கூப்பிட வாயெடுத்தார். நாக்கு புரளவில்லை. நெஞ்சுக்குள் மட்டும், சேற்றில் இறங்கிய வண்டிபோல ஏதோ நகர்ந்தது. நின்றது. நகர்ந்தது.

எண்ணெய் காயும் வாசனை.

வெங்காயம். சோம்பு.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

அவள் வந்தாள். முகம் செக்கச்செவேலென்றிருந்தது. கட்டிலோரம் உட்கார்ந்து, டாக்டர் கட்டுகிற மாதிரியே அவர் முழங்கைக்கு மேல் துணியை இறுக்கினாள். விரலால் தடவி நரம்பைத் தேடிப் பிடித்தாள்.

"டாக்டரு இன்னாத்துக்கு? எடுக்கறத நான் பாத்துகினுதான இருந்தேன்," என்றாள். எப்போதும்போல மரியாதையாகத்தான் சொன்னாள். "அசையாதீங்க."

தரையில் எதையோ இழுத்து, தொங்கிய கைக்கு நேராக வைத்தாள். அவரால் கண்ணை மட்டும் திருப்ப முடிந்தது. சொம்பு இல்லை. ஆடு அறுக்கும்போது கழுத்தடியில் வைத்துப் பிடிக்கிற பெரிய குண்டான். அடியில் உப்புத்தண்ணீரும் ஊற்றி வைத்திருந்தாள்.