காற்றில் ஆறும் இன்ஜின்

குப்பம்மாளுக்குத் தசரதன் தர வேண்டியது ஏழாயிரத்து நானூற்றைம்பது ரூபாய். போன ஆடியில், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து அவள் புருஷன் ஆதிகேசவன் போனான். உடல் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் அடியிலிருந்து கயிறு கட்டித் தூக்கிய அவன் இன்ஜினைத் தசரதன் பாதிப் பணம் கொடுத்து வாங்கி, முழுக்கப் பிரித்து, புதிதாகக் கட்டித் தன் படகில் பூட்டினான். மீதியைக் கேட்டு அவள் வந்தபோதெல்லாம், இன்ஜின் சூடாகிறது, ஆயில் பிரஷர் நிற்கவில்லை, சரியானதும் தருகிறேன் என்றான். அது பொய். அப்போதெல்லாம் இன்ஜின் நன்றாகத்தான் ஓடியது.

"அவரு கை பட்ட இன்ஜின் பொய் சொல்லாது தம்பி," என்று மட்டும் ஒருநாள் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாளே சூடு ஏறியது. பிரஷர் முள் விழுந்தது.

பழவேற்காட்டு மெக்கானிக் ரஞ்சித்குமார் பார்த்தவுடனே சிரித்தான். இன்ஜினைச் சுற்றியிருந்த துருப்பிடித்த தகரக் கூட்டைத் தசரதன் கழற்றி ஓரமாகப் போட்டிருந்தான். ஏரிக்காற்று இந்த அடி அடிக்கும்போது தகரம் எதற்கு என்று நினைத்துவிட்டான்.

"காத்து வாங்கச் சட்டையக் கழட்டிட்டியாண்ணே? நீ கழட்டலாம், இது கழட்டக் கூடாது. அது இருந்தாத்தான் விசிறிக் காத்து சிலிண்டரச் சுத்திப் போவும்."

கூட்டை மாட்டினார்கள். உப்பைச் சுரண்டினார்கள். ஆயிலை மாற்றி, வேறு மீட்டர் வைத்தும் பார்த்தார்கள். கரையில் ஒரு மணி நேரம் ஓடியும் முள் அசையவில்லை. ஏரியில், முகத்துவாரத்தை நெருங்கும்போது மட்டும் விழுந்தது.

"தண்ணியே இல்லாத இன்ஜின்ணே இது, காத்துலயே ஆறுறது. இன்னா பயம்?" என்றான் ரஞ்சித்குமார்.

மார்கழிப் பனி அன்று காலை ஏழு மணிக்கும் விலகவில்லை. தசரதன் முகத்துவாரத்தை ஒட்டித் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தான். இறால் விற்ற எட்டாயிரம் மடியில் இருந்தது, எல்லாம் ஐந்நூறு ரூபாய்த் தாள்கள். அது குப்பம்மாளுக்கு அல்ல, புது வலைக்கு. பெயிண்ட் கருகும் வாசனை முதலில் வந்தது. பிறகு இரும்புக்குள் யாரோ விரல் மடக்கித் தட்டுவது போன்ற சத்தம், ஒன்று, நிறுத்தி இன்னொன்று, பனிக்குள் போய் மோதித் திரும்பி வந்தது. முள் விழுந்தது. அணைத்தான்.

தட்டல் நிற்கவில்லை.

அளவுக் குச்சியை உருவினான். ஆயில் குறைந்திருக்கும் என்று நினைத்தான். ஏறியிருந்தது. பால் கலந்த டீயின் நிறம். நாக்கில் வைத்தான், உப்பு.

ஏரித்தண்ணீர். தண்ணீரே இல்லாத இன்ஜினுக்குள்.

இன்ஜினின் அடியில் இருந்த, ஆயில் வடிக்கும் போல்ட்டைக் கழற்றினான். ஒன்றரை லிட்டர் பிடிக்கும் வயிறு. பக்கெட் நிறைந்தது. வழிந்தது. சிலிண்டரில் கை வைத்தால் தோல் உரியும், அவ்வளவு சூடு; ஆனால் கொட்டிய தண்ணீர் ஆழத்துத் தண்ணீர் போலச் சில்லென்று இருந்தது. போல்ட்டைத் திருப்பி வைத்தான். பிடிக்கவில்லை. உள்ளிருந்து ஏதோ அதைத் தள்ளியது.

கணுக்கால் வரை கறுப்புத் தண்ணீர். படகு தாழ்ந்தது.

தட்டல் நின்றது.

அவன் காலுக்கருகே, அந்தக் கறுப்பிலிருந்து, ஒரு கை எழுந்தது. உப்பில் ஊறி வெளுத்த கை. உள்ளங்கை மேலே. கேட்கிற கை.

"தரேன்," என்றான் தசரதன். "தந்துடறேன் ஆதி."

மடியை அவிழ்த்தான். எண்ண முடியவில்லை. எட்டாயிரத்தையும் வைத்தான். விரல்கள் மூடின. கை கீழே போனது.

தண்ணீர் கொட்டுவது நின்றது. முள் மெதுவாக ஏறி, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. இன்ஜின் ஓடவில்லை.

பிறகு கை மறுபடி வந்தது. அவன் கையைத் தேடி விரித்து, மீதியை வைத்தது. ஒரு ஐந்நூறு. ஒரு ஐம்பது.

தசரதன் ஐம்பது ரூபாய்த் தாள் எதுவும் தரவில்லை. அது ஊறி நைந்திருந்தது. ஆடியிலிருந்து ஊறியது.

கணக்கு தீர்ந்தது. பைசா பாக்கியில்லை.

தாள்களின் மேல் அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடிய கை, விடவில்லை.