பன்னிரண்டாவது தாள்

'அச்சு முடிந்தது' என்றது திரை. பிரிண்டரின் வாயில் ஒரு தாளும் இல்லை.

பிழை என்று சொல்லியிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பிழைகளோடு மல்லுக்கட்டித்தான் அவன் பிழைப்பு ஓடுகிறது. பதினோராவது முறையாகச் சோதனைத் தாளை அனுப்பிவிட்டு, மழையில் இருட்டிக்கிடந்த அந்தப் பல் மருத்துவமனையின் வரவேற்பறையில், கிராம்புத் தைலமும் ஈரச் செருப்பும் கலந்த வாடைக்கு நடுவே மண்டியிட்டு, பிரிண்டரின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டான். பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே மூச்சுகூட இல்லை.

"அண்ணே, உங்க பென்குயின் இன்னும் முட்டை போடலையா?" என்றாள் வரவேற்பு மேசைப் பெண்.

"அடைகாக்குதும்மா. அவசரப்படுத்தாதே."

பென்குயினைச் சின்னமாகக் கொண்ட லினக்ஸ் மென்பொருளைப் போட்டால் பழைய கணினியும் பறக்கும் என்று டாக்டரிடம் அளந்தது அவன்தான். "முடிச்சுட்டே போங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். எட்டு வயது மகள் காய்ச்சலோடு வீட்டில் தனியாக இருந்தாள். மனைவி வேலை முடிந்து வர ஒன்பதாகும். 'பத்து நிமிஷத்துல அப்பா வந்துடுவேன்' என்று மூன்று முறை போனில் சொல்லியாயிற்று. முதல் பத்து நிமிடம் மூன்றரை மணிக்குத் தொடங்கியது. இப்போது ஆறு.

பிரிண்டரை இயக்கும் டிரைவர் மென்பொருளை நீக்கி நீக்கிப் போட்டான். கேபிளை மாற்றினான். கணினியை அணைத்து எழுப்பினான். கடைசியில் மானத்தை விட்டு, முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தான்: அமைப்புக் கோப்பைத் திறந்து படித்தான்.

சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் இரண்டு நாள் தலைகீழாக நின்று ஓடவைத்த அமைப்பாயிற்றே என்று, காலையில் அந்தக் கோப்பையே அப்படியே நகலெடுத்து இங்கே போட்டிருந்தான். முகவரியை மாற்ற மறந்திருந்தான். அத்தனை தாளும் இணையம் வழியாக அவன் வீட்டுப் பிரிண்டருக்கல்லவா போயிருக்கிறது!

சிரிப்பு பாதியில் நின்றது.

வீட்டுப் பிரிண்டர் செத்து மூன்று மாதம் ஆகிறது. மின்வயரைப் பிடுங்கிவிட்டு, வெறும் பெட்டியாக அதைப் பரணில் ஏற்றியதும் அவன்தான்.

போன் அடித்தது.

"அப்பா, பரண்லேர்ந்து பேப்பர் விழுது."

மகளின் குரல் கரகரத்தது. அதற்குப் பின்னால், மழைக்கும் பின்னால், உருளை தாளை இழுக்கும் ஓசை. மைத்தலை இடமும் வலமுமாக ஓடும் ஓசை. அவன் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்லக்கூடிய ஓசை.

"என்ன பேப்பர்டா கண்ணா?"

"கலர் கலரா கட்டம். பதினொண்ணு. எல்லாம் ஒரே மாதிரி, ஒரே போர். இரு, இன்னொண்ணு வருது."

அவன் திரையைப் பார்த்தான். அச்சு வரிசையில் பன்னிரண்டாவதாக ஒன்று நின்றது. அவன் அனுப்பவில்லை. அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

"இதுல நான் இருக்கேன்ப்பா. மேலேர்ந்து போட்டோ பிடிச்ச மாதிரி. போனைக் காதுல வெச்சுக்கிட்டு நிக்கறேன்."

ரத்து செய்தான். பதின்மூன்று வந்தது. அதையும் ரத்து செய்தான். விரல்கள் விசை மாறி விழுந்தன. பதினான்கு.

"இதுல இன்னும் கிட்டக்க. என் வகிடு தெரியுது."

"வெளிய ஓடு. பக்கத்து வீட்டுக்குப் போ."

"செருப்பு போட்டுக்கிட்டு..."

"செருப்பு வேணாம்டி தங்கம்! ஓடு!"

காலடிகள். வேகமாக. கதவு அதிர்ந்தது. மறுபடி அதிர்ந்தது.

"அப்பா, தாழ்ப்பா இறுகிக்கிச்சு."

"இழு! ரெண்டு கையாலயும் இழு!"

கதவு அதிரும் ஓசை நின்றது. அச்சு ஓசையும் நின்றிருந்தது. மழை மட்டும். பிறகு அவள் குரல், நாளெல்லாம் இல்லாத தெம்போடு. போனைப் பார்த்துப் பேசிய குரல் இல்லை அது.

"அப்பா! எப்ப வந்தே? அங்க மேல என்ன பண்ற?"

"அது நான் இல்லடி!"

இணைப்பு அறுந்தது.

மறுபடி அழைத்தான். மணி போகவில்லை. வண்டிச் சாவியை எடுத்தான். வாசலுக்கு ஓடினான்.

"அண்ணே, எங்க ஓடறீங்க? வந்துடுச்சு பாருங்க!" அந்தப் பெண் கைதட்டினாள்.

பிரிண்டர் உறுமியது. தாள் வெளியே வரத் தொடங்கியது. மெதுவாக. வரி வரியாக.

அவன் வீட்டுக் கதவு. மூடியபடி.

தூக்கச் சொல்லி உயர்ந்த இரண்டு சின்னக் கைகள்.

அண்ணாந்த முகம். காய்ச்சல் கண்கள். வாய் நிறையச் சிரிப்பு.

அவள் அக்குளுக்கடியில் கோத்த விரல்கள். நீளமாக.

முழங்கை. அதற்குக் கீழே இன்னொரு முழங்கை.

தாளின் அடியில், கடைசியாக, நீலக்கோடு போட்ட சட்டைக்கை. அவன் இப்போது போட்டிருக்கும் சட்டை.