ஏழாம் தலைமுறை முனியன்

மரபுநோக்கி நவநீதத்தின் விரல்நுனியிலிருந்து ஒரு சொட்டு இரத்தத்தை எடுத்துக்கொண்டு பதினோரு நிமிடம் முனகியது. பிறகு திரையில் எழுதியது: "பத்துத் தலைமுறைக்குள் படைவீரர் எவருமில்லை. படையின் பின்சென்ற பணியாளர் ஒருவர். முனியன், ஏழாம் தலைமுறை, கோவேறு கழுதை ஓட்டி, முதல் உலகப் போர். மெசபட்டோமியாவில் இறப்பு."

"கழுதை ஓட்டுறவங்க கணக்குல வராதும்மா," என்றார் எதிரே இருந்த சரிபார்ப்பு அலுவலர் சுந்தரவதனன். நாற்பது வயதைத் தொடாதவர். "கையில ஆயுதம் இருக்கணும். பேரு படைப்பட்டியல்ல இருக்கணும். ரெண்டும் வேணும்."

"சண்டை நடந்த எடத்துலதானே சார் செத்துகீறாரு?"

"செத்தது போதாதும்மா. அடுத்தவங்க வரட்டும்."

வேலூர் குருதி ஏட்டகத்தின் வரிசை அன்று தெருமுனை வரைக்கும் நின்றது. அந்த நாட்களில் எல்லா ஊரிலும் அப்படித்தான். உலகத்தின் பழைய போர்க்களங்களிலும் கல்லறைகளிலும் கிடந்த எலும்புகளை எல்லாம் துளைத்துத் துகள் எடுத்து வைத்திருந்தார்கள். பழைய படைகளின் காகிதங்கள் அத்தனையையும் இயந்திரத்துக்குப் படிக்கக் கொடுத்திருந்தார்கள். யார் யாருக்கு உறவு என்பதை இரத்தம் சொல்லும். அவன் என்னவாக இருந்தான் என்பதைக் காகிதம் சொல்லும். இரண்டையும் பொருத்திப் பார்ப்பதுதான் மரபுநோக்கியின் வேலை. படைவழிச் சான்று கிடைத்த குடும்பத்துக்குக் கல்லூரியில் பாதி இடம், மருத்துவமனையில் முன்வரிசை, பெண் கேட்டுப் போனால் நாற்காலி. கிடைக்காத குடும்பங்களைப் பற்றி யாரும் கெட்டதாக எதுவும் சொல்லவில்லை. எதையுமே சொல்லவில்லை.

நவநீதத்துக்கு நாற்காலி வேண்டாம், இடம் வேண்டும். மகள் இளவெயினி பதினேழு வயதில் மருத்துவம் படிக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மதிப்பெண் அரை விழுக்காடு குறைந்துபோனது. சான்று இருந்தால் அந்த அரை ஒரு பொருட்டே இல்லை. கணவர் தணிகாசலம் இறந்துபோய் ஆறு வருடம் ஆகிவிட்டது. மகளுக்கென்று மோதிப் பார்க்க இவளை விட்டால் வேறு ஆளில்லை.

அவளிடம் ஒரு திறமை இருந்தது. மருத்துவமனையின் ஆவணக் காப்பறையில் இருபத்து நான்கு ஆண்டுகளாக வேலை. இயந்திரங்கள் கைவிட்ட பழைய நோயாளிக் குறிப்புகளைப் படித்துச் சொல்வது அவள் பொறுப்பு. எந்த மருத்துவர் எந்த எழுத்தை எப்படிக் கிறுக்குவார் என்பது வரை அத்துப்படி. வெள்ளைக்கார எழுத்தர்கள் முனியனை மூனியன் என்றும் மனியா என்றும் முன்னேன் என்றும் எழுதியிருப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. "படிக்க இயலாதவை" என்று மரபுநோக்கி ஒதுக்கிவைத்த தாள்களின் படங்களைக் கேட்டு வாங்கினாள். தண்ணீரில் ஊறியவை, கரையான் தின்றவை, மை பரவியவை. வேலை முடிந்து வந்து தினமும் இரண்டு மணி நேரம் படித்தாள். ஏழு மாதம் ஓடியது.

அவன் அகப்பட்டது துப்பாக்கி வழங்கிய ஏடு ஒன்றில். ஆள் குறைந்துபோன ஒரு படைப்பிரிவு, கழுதை ஓட்டிகள் பன்னிரண்டு பேரைப் பட்டியலில் சேர்த்து ஆளுக்கொரு துப்பாக்கி கொடுத்திருந்தது. ஒன்பதாவது பெயர் "முன்னேன், வேலூர்". பக்கத்தில் ஒரு பெருவிரல் ரேகை. கழுதை ஓட்டியாகச் சேர்ந்தபோது முனியன் வைத்த ரேகையோடு அது கோட்டுக்குக் கோடு பொருந்தியது.

நவநீதம் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டாள். அடுத்த தாளிலும் அதே பெயர் இருப்பது மங்கலாகத் தெரிந்தது. அவள் அதைப் படிக்கவில்லை. தேடி வந்தது கிடைத்த பிறகு அதில் என்ன இருந்தால் என்ன?

சுந்தரவதனன் மேல்முறையீட்டைப் படித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். "நான் இந்த வேலைக்கு வந்து பதினாறு வருஷம்மா. இயந்திரத்தைத் திருத்தின முதல் ஆள் நீங்க."

இளவெயினி வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போன முதல் நாள், நவநீதம் பேருந்து நிறுத்தம் வரைக்கும் கூடப் போனாள். "போதும்மா, எல்லாரும் பாக்கறாங்க," என்று சிரித்துக்கொண்டே விரட்டினாள் மகள். நவநீதத்தின் வாழ்க்கையில் நிறைவான நாள் என்று ஒன்று உண்டென்றால் அதுதான்.

மகள் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது வடக்கே போர் மூண்டது.

பறக்கும் பொறிகளை வைத்தே முடித்துவிடலாம் என்றார்கள். இரண்டு பக்கமும் மற்றவர் பொறிகளைக் குருடாக்கிவிட்டபின், பழையபடி பள்ளம் தோண்டி மனிதர்கள் உட்கார வேண்டியதாயிற்று. உட்கார ஆள் வரவில்லை. அப்போதுதான் யாருக்கோ ஏட்டகங்களின் நினைவு வந்தது. போர்க்குணம் இரத்தத்தில் இறங்கி வருகிறது என்று ஓர் ஆய்வறிக்கை வெளியானது. மூன்றே வாரத்தில் குருதிக் கடமைச் சட்டம் நிறைவேறியது. படைவழிச் சான்று உள்ள வழியில் பதினெட்டிலிருந்து நாற்பது வயதுக்குட்பட்டவர் அனைவரும், ஆண் பெண் பேதமில்லாமல், நான்கு வாரத்துக்குள் வந்து சேரவேண்டும்.

ஆணை வந்தபோது இளவெயினி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கைத்திரையைப் படித்துவிட்டுத் தட்டை நகர்த்தி வைத்தாள்.

"யாரோ ஒருத்தர் என்னிக்கோ துப்பாக்கி புடிச்சதுக்கு நான் போணுமா?"

"எதுனா பண்ணலாம் வெயினி. நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்துகினதாலதாம்மா இது வந்துது." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். உயர்த்தியிருந்தால் பொறுத்துக்கொண்டிருக்கலாம்.

அன்றைக்குத்தான் நவநீதம் அந்த அடுத்த தாளைத் திறந்தாள். தான் நிரூபித்ததைத் தானே உடைக்க ஏதாவது கிடைக்குமா என்று எழுத்தெழுத்தாகப் படித்தாள். கிடைத்தது. துப்பாக்கி வாங்கிய மூன்றாவது வாரம், முனியன் அதை ஒரு வண்டிச் சக்கரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு கோவேறு கழுதைகளை அவிழ்த்துக்கொண்டு ஆற்றை நோக்கி நடந்திருக்கிறான். பகலில், எல்லோரும் பார்க்க. பிடித்துக் கேட்டபோது, கழுதைகளுக்குத் தண்ணீர் காட்டி இரண்டு நாளாயிற்று என்று சொல்லியிருக்கிறான். மறுநாள் காலை அவனுடைய சொந்தப் படையே அவனைச் சுட்டது.

அவளுக்கு அழுகையும் நிம்மதியும் சேர்ந்து வந்தன. படையை விட்டு ஓடியவன் எப்படிப் படைவீரனாவான்? சட்டத்தின் வாயிலிருந்து மகளைப் பிடுங்கிவிட்டதாகவே நினைத்தாள். காலையில் கதவு திறக்கும்போதே ஏட்டகத்தில் நின்று மனுவைக் கொடுத்தாள். மரபுநோக்கி அதை ஏற்றுக்கொண்டது என்று பச்சைக் குறி வந்தது.

மாலையில் சுந்தரவதனன் அவரே அழைத்தார். "என்னம்மா காரியம் பண்ணிட்டீங்க? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"ஏன் சார்? பச்சைக் குறி வந்துதே, அப்புறம் தள்ளிட்டாங்களா?"

"ஏத்துக்கிட்டாங்க. அதாம்மா சொல்றேன். சட்டத்தோட மூணாவது அட்டவணைல விலகுவழின்னு ஒண்ணு இருக்கு. ஓடினவங்களோட வழி. அவங்களை விடுவிக்க மாட்டாங்க. மருத்துவப் பிரிவு, சமையல், கிடங்கு எதுலயும் போட மாட்டாங்க. முன்வரிசைதான். பின்னால ஓட முடியாத இடம். உங்க பொண்ணு மருத்துவம் படிக்கிறதால மருத்துவக் கூடாரத்துல வெச்சிருப்பாங்க. இப்ப அது இல்லை."

நவநீதம் பேனாவை எடுத்தாள். "அது பொய்ன்னு எழுதிக் குடுத்துடறேன் சார். நானே திரிச்சி எழுதினேன்னு சொல்லிடறேன்."

"ரேகையும் காகிதமும் இருக்கேம்மா. பொய்யா அது?"

அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"இன்னொண்ணும் இருக்கு," என்றார் அவர். "ஆணை ஒருத்தருக்கு இல்லை. வழி முழுக்க. ஆஸ்பத்திரி ரத்தக் கணக்குப்படி அந்த முனியனுக்கு இன்னிக்கு உயிரோட இருக்கிற வாரிசு இருநூத்திச் சொச்சம். வயசு பொருந்தறது அறுபத்து மூணு பேர். எல்லாரும் முன்வரிசைக்கு மாறியிருக்காங்க."

ஐந்தாம் நாள் காலையில் ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். ஐம்பது வயதிருக்கும். செருப்புத் தொழிற்சாலையின் நீலச் சீருடையைக்கூட மாற்றவில்லை. கதவைத் திறந்த நவநீதம் ஒரு கணம் கண்ணாடியைப் பார்ப்பதுபோல் திகைத்தாள். அகன்ற நெற்றியும் கன்னத்தோடு ஒட்டிய காதுமடல்களும் அப்படியே இருந்தன.

"நவநீதம்ன்றது நீதானா? என் பேரு ஜெபமணி. ஆம்பூர்லருந்து வரேன்." கைத்திரையில் இரண்டு இளைஞர்களின் படத்தைக் காட்டினாள். "பெரியவன் ஆரோன், சின்னவன் தீத்துஸ். நாங்க எந்தச் சான்றும் கேக்கல. அந்த ஆபீஸ் எந்தப் பக்கம் கீதுன்னுகூட எங்களுக்குத் தெரியாது. மனு போட்டது யாருன்னு வந்த ஆணையிலயே போட்டுகீது. இன்னாத்துக்கு எங்களை இழுத்த?"

"எனக்குத் தெரியாதுக்கா. எம் பொண்ணுக்காகத்தான் பண்ணேன்."

"அதாண்டி நானும் கேக்கறேன். உம் பொண்ணுக்காக எம் புள்ளைங்க எதுக்கு?"

நவநீதம் அவள் காலில் விழப் போனாள். ஜெபமணி விலகிக்கொண்டு, படியிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நெடுநேரம் இருவரும் ஒரே படியின் இரு ஓரங்களில் உட்கார்ந்திருந்தார்கள். போகும்போது, "ஸ்டேஷனுக்கு வருவல்ல?" என்று மட்டும் கேட்டாள் ஜெபமணி.

காட்பாடியில் மூன்றாவது நடைமேடையை அவர்களுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். குடியாத்தம், ஆற்காடு, கோலார், சென்னை என்று எங்கெங்கிருந்தோ அறுபத்து மூன்று பேர், அவரவர் குடும்பத்தோடு. நெற்றியில் விபூதி வைத்தவர்கள், சிலுவை அணிந்தவர்கள், குல்லா போட்டவர்கள். ஒருவரை ஒருவர் முன்பின் பார்த்ததே இல்லை. ஆனால் எல்லோருக்கும் அதே நெற்றி. பிள்ளைகள் பத்து நிமிடத்தில் ஒருவரை ஒருவர் மாமா, சித்தி என்று கேலியாக அழைத்துச் சிரிக்கத் தொடங்கினார்கள். பெரியவர்கள் நவநீதம் நின்ற பக்கம் வரவே இல்லை.

ஒருவன் மட்டும் வந்தான். ஜெபமணியின் சின்ன மகன்.

"நீங்கதானே ஆண்ட்டி அவரைக் கண்டுபுடிச்சீங்க? எப்படிப்பட்ட ஆளு அவரு?"

"கழுதைங்களுக்குத் தாகமா இருக்குன்னு, துப்பாக்கிய வெச்சிட்டு ஆத்துக்கு நடந்துட்டாரு," என்றாள் நவநீதம்.

தீத்துஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். "நல்ல மனுஷன்தான்," என்று சொல்லிவிட்டு வண்டியை நோக்கிப் போனான்.

இளவெயினி கடைசியில் ஏறினாள். படியில் நின்று திரும்பினாள். "மாத்திரைய மறக்காம போடு," என்றாள். எல்லோரும் ஏறியதும் பெட்டிகளை வெளியிலிருந்து பூட்டினார்கள். விலகுவழிக்கு அதுதான் விதி.

இருபத்து மூன்றாம் நாள் செய்தி வந்தது. மணல்மூட்டைக்கு வெளியே விழுந்து கிடந்த ஒருவனின் தொடையைக் கட்டிக்கொண்டிருந்தபோது இளவெயினி இறந்தாள். அடிபட்டுக் கிடந்தவன் தீத்துஸ். மறுநாள் அவனும் இறந்தான். அறுபத்து மூன்று பேரில் ஆடி மாதம் முடியும்போது பதினேழு பேர் உயிரோடு இருந்தார்கள்.

நவநீதம் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். ஜெபமணி ஞாயிறுதோறும் வந்தாள். இருவரும் சேர்ந்து காய் நறுக்குவார்கள். சமைத்துச் சாப்பிடுவார்கள். பிறகு ஜெபமணி பேருந்தைப் பிடிப்பாள்.

ஒரு புதன்கிழமை பகலில் சுந்தரவதனன் வீட்டுக்கு வந்தார். முகச்சவரம் செய்து பல நாள் ஆகியிருந்தது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"ஆள் பத்தலையாம். பத்துத் தலைமுறைங்கிற வரம்பை எடுத்துட்டாங்கம்மா. எங்க வழியில பத்து வரைக்கும் யாருமில்லைன்னு நான் வேலைக்கு வந்த அன்னிக்கே பாத்து வெச்சிருந்தேன். இப்ப பதினாறாம் தலைமுறைல ஒருத்தரைக் காட்டுது. ஏதோ கோட்டையில வேல் புடிச்சவராம். எனக்கு இன்னும் நாற்பது ஆகலை. நாலு மாசம் இருக்கு."

அவர் நீட்டிய ஓலைச்சுவடிப் படத்தை நவநீதம் வாங்கவே நினைக்கவில்லை. கை தானாக வாங்கிக்கொண்டது. இரண்டு முறை படித்தாள். லகரத்தின் தலையில் மங்கியிருந்த சுழியை இயந்திரம் தவறவிட்டிருந்தது.

"இவரு வேல்காரர் இல்ல சார். வேலிக்காரர். தோட்டத்துக்கு வேலி கட்டினவரு."

சுந்தரவதனன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். அவள் மனுவை எழுதிக் கொடுத்தாள். மரபுநோக்கி திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. நான்காம் நாள் அவருடைய பதினேழாம் தலைமுறையில் ஒரு வில்லாளியைக் கண்டெடுத்தது.

அவர் மறுபடி ஓடி வந்தார். அந்த ஓலையிலும் பிழை இருந்தது. ஊர்ப் பெயர் வேறு. அவள் எழுதினாள். இம்முறை இயந்திரத்துக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. பத்தொன்பதாம் தலைமுறை, யானைப்படை.

"இன்னும் ஒரே ஒரு தடவைம்மா," என்றார் சுந்தரவதனன்.

நவநீதம் எழுத உட்கார்ந்தாள். மூன்றாவது மனுவின் பாதியில் அவள் பேனாவை நிமிர்த்தியபோது, அவர் கைத்திரையில் அதற்குள்ளாகவே இருபத்தோராம் தலைமுறையின் பெயர் வந்திருந்தது.