மூன்றாம் குளிரறை

பர்மாவில் வாசோ பௌர்ணமி விடுமுறை. வேலையாட்கள் இல்லாத மீன் கிடங்கில் சர்வரின் டிஸ்க் நிரம்பிக்கொண்டிருந்தது. சர்வர் அறையில் டியூட்டி பார்த்த பெர்சிஸ் காலையில் பார்த்தபோது பாதி காலியாக இருந்தது. மதியச் சோற்றை முடித்துக் கை கழுவிவிட்டு வருவதற்குள் முக்கால் போயிருந்தது. சோழியன் குடுமி சும்மா ஆடுமா? எதுவோ ஓயாமல் எழுதிக்கொண்டிருந்தது.

தேடிப் பிடித்துவிட்டாள். கதவுகளைக் கவனிக்கும் புரோகிராமின் லாக் அது. கிடங்கில் யார் எந்தக் கதவைத் தாண்டினாலும் அந்த யூனிக்ஸ் சர்வர் அதில் ஒரு வரி எழுதும்: உள்ளே, அல்லது வெளியே. இன்றைக்கு மூன்றாம் குளிரறைக்கு மட்டும் வரிகள் கொட்டிக்கொண்டிருந்தன. உள்ளே. உள்ளே. உள்ளே. கார்டு எண் வரவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. ஒரு ‘வெளியே’கூட இல்லை. எரிச்சலில் லாக்கை அழித்தாள். ஆனாலும் இடம் திரும்பவில்லை. பெயர்தான் போனது, புரோகிராம் அந்த லாக்கைத் திறந்து பிடித்துக்கொண்டு எழுதிக்கொண்டேயிருந்தது. யாராவது திறந்து பிடித்திருக்கும்வரை யூனிக்ஸ் அந்த இடத்தை விடாது. வேடிக்கை பார்க்க அவள் முன்பே திரையில் திறந்துவைத்த ஜன்னலிலும் வரிகள் ஓடின.

“சென்சார் கெட்டுப்போச்சு சைமா. கொஞ்சம் பாத்துட்டு வா.”

சைமன் அவள் தம்பி, கிடங்கின் எலக்ட்ரீஷியன். அம்மா போன பிறகு அவளுக்கு மிச்சமிருந்த ஒரே உறவு. வயசுப் பையன்களெல்லாம் தாய்லாந்துக்கு ஓடுகிற காலத்தில், அழுது அடம்பிடித்து அவனை யாங்கூனிலேயே நிறுத்திவைத்தவள் அவள்.

“உன் சர்வருக்கு என்னக்கா, தீராப் பசியா?” வாக்கி-டாக்கியைச் சட்டையில் மாட்டிக்கொண்டு சிரித்தான். “யாதே யாதே, பரவால்ல, இதோ வந்துர்றேன்.”

அவன் போன பின் மழை வலுத்தது. லைங் தாயா தொழிற்பேட்டையின் தகரக் கூரைகள் மேலெல்லாம் அது இரைந்து விழும் ஓசைக்கும், கரண்டு போனதிலிருந்து கொல்லையில் உறுமிக்கொண்டிருந்த ஜெனரேட்டருக்கும், சர்வர் விசிறிகளின் சீரான இரைச்சலுக்கும் நடுவே, எங்கோ பல கால்கள் செருப்பைத் தேய்த்துக்கொண்டு நகர்வது போல அவளுக்குக் கேட்டது. வேலை விட்டு ஃபேக்டரி பஸ்ஸுக்கு வரிசையில் நிற்பவர்களின் சத்தம். இன்று பஸ் ஏதும் கிடையாது.

“உள்ள வந்துட்டேன்க்கா,” என்றான் சைமன் வாக்கி-டாக்கியில். “ மீன் பெட்டிதான், வேற ஒண்ணும் இல்ல.”

திரையில் சைமனின் கார்டு எண் விழுந்தது. அதன் கீழே எண்ணில்லாத வரிகள் தொடர்ந்தன.

“அக்கா, இங்க வெக்கையா இருக்கு.”

“குளிரறையிலயா?”

“மீன் நாத்தமே இல்ல. பொம்பளைங்க கன்னத்துல பூசுற தனக்கா வாசம் வருது. வேர்வை வாசமும்.” மூச்சு வாங்கினான். “ஆத்துக்கு அந்தப்பக்கம் டாலாவுக்குப் போற படகுல கூட்டத்துல மாட்டுன மாதிரி இருக்குக்கா. யாருமே இல்ல. ஆனா கைய தூக்க முடியல.”

“வெளிய வந்துரு! இப்பவே!”

“கதவு மூடிக்கிச்சு. தொறக்குற பிடி கண்ணு முன்னாலதான் இருக்கு. போக விட மாட்டேங்குறாங்க.”

பெர்சிஸ் கீபோர்டுக்குப் பாய்ந்தாள். கதவைத் திறக்கச் சொல்லி ஆணையிட்டாள். டிஸ்க் நிரம்பிவிட்டது. எழுத இடமில்லாமல் புரோகிராம் உறைந்து நின்றது.

அதை நிறுத்தினாள். மறுபடி கிளப்பினாள். கிளம்பவில்லை. இடம் இல்லை. ஏன் இல்லை? பிடித்திருந்த புரோகிராம் செத்துவிட்டதே! வேறு யார் பிடித்திருக்கிறார்கள்?

“அக்கா... நெஞ்சு...”

அவள்தான். வேடிக்கை பார்த்த அவளுடைய ஜன்னல். அது இன்னும் பழைய லாக்கைப் பிடித்திருந்தது. அதை மூடினாள். ஒரே மூச்சில் டிஸ்க் காலியானது. புரோகிராம் கிளம்பியது. கதவு திறந்தது.

வெளியே. வெளியே. வெளியே.

நடுவில் சைமனின் எண்.

“வந்துட்டேன்க்கா,” என்று அழுதான். “எல்லாம் போயிருச்சு. உங்கிட்ட வர்றேன்.”

பெர்சிஸ் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். தம்பி பிழைத்தான். அது போதும், கர்த்தாவே, அது போதும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது கடைசி வரியில் இருந்தது மூன்றாம் குளிரறை அல்ல.

சர்வர் அறை. உள்ளே.

உள்ளே.

உள்ளே.

ஏசிக் குளிர் அறையை விட்டுப் போயிற்று. தனக்கா வாசம். கீபோர்டுக்குக் கையைக் கொண்டுபோனாள். போகவில்லை. அவளுடைய தோளோடு ஈரத்துணி ஒன்று உரசியது. இன்னொன்று முதுகில். நாற்காலி மேசையோடு நெருங்கியது.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே சைமன் வந்து நின்றான். உள்பக்கம் திறக்கும் கதவு. தள்ளினான். தோளால் இடித்தான். அசையவில்லை. அறையில் அவள் ஒருத்தியைத் தவிர யாரும் இல்லை. அவன் கண்ணும் அதையேதான் சொன்னது.

கண்ணாடியின் உள்பக்கம் மூச்சு பட்டு ஒரு வட்டம் வெளுத்தது. பக்கத்தில் இன்னொன்று. மேலே ஒன்று. மிகத் தாழ்வாக, நடக்கப் பழகும் குழந்தையின் வாய் உயரத்தில் ஒன்று. வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து சைமனின் முகத்தை மூடின.