பீச்சாங்கை வெட்டு

லொறி எட்டு மணிக்கு வரும் என்று மாவனல்லை ஜவ்பர் நானா சொல்லியிருந்தார். ஏழு மணிக்கே விஜயகலாவுக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது.

ரப்பர் தோட்டத்து லயத்தில், அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பராவின் சுவரோரமாக ஆளுயரத்துக்கு நின்றது அந்தப் பெண் உருவம். மகள் நிரோஷா நாலு மாதமாகச் செய்தது. கம்பியில் கட்டி, சாக்குச் சுற்றி, ரப்பர் மரத்தில் உறைந்து கிடந்து உரித்த ஒட்டுப்பாலைத் தோலாக ஒட்டியிருந்தாள். பால் பிடிக்கும் சிரட்டைகள்தான் மார்பு. லொறியில் ஏறிப் போகப்போகும் கொழும்புக் கண்காட்சியில் இதற்கு நடு இடமாம். பெயர், ‘அம்மா’.

ஆனால் அது உடுத்தியிருந்ததோ வெள்ளையம்மாவின் பச்சைச் சேலை! இடுப்பில், வேலைக்குப் போகும்போது சேலைமேல் கட்டும் வெள்ளையம்மாவின் படங்குச் சாக்கு...

வெள்ளையம்மா வேறு யாருமில்லை, விஜயகலாவுடைய புருஷனின் அண்ணன் மனைவி. அடுத்த காம்பரா. விஜயகலா ஆறு வருடம் குவைத்தில் யார் யாரோ பெற்ற பிள்ளைகளைக் குளிப்பாட்டியபோது, நிரோஷாவை வளர்த்தவள். விஜயகலா திரும்பி வந்த அன்று, பெற்ற மகள் அவளைக் கண்டு பயந்து ஒளிந்தது இதே பச்சைச் சேலைக்குப் பின்னால்தான். பெற்றவளால் அதை மறக்க முடியுமா?

“அம்மான்னு பேரு வச்சிருக்கியே... அது யாருடி?”

“பாத்தா தெரியலயாம்மா?”

“தெரியுதே! நல்லாத் தெரியுது! நான் அங்க கெடந்து வெந்தப்ப, நீங்க ரெண்டு பேரும் இங்க தாயும் மகளுமா இருந்திருக்கீங்க... எனக்குன்னு என்னடி வச்ச?”

“ஐயோ, சேலையத் தொடாதீங்கம்மா! பசை இன்னும் காயல!”

தொடாதே என்ற சொல்லே போதுமாயிருந்தது. பிடித்து ஒரே இழுப்பு! சாக்கின் முடிச்சு அவிழ்ந்தது, சேலையும் சாக்கும் தரையில் விழுந்தன, உருவம் திரும்பி நின்றது. அந்த நேரம் பார்த்து வெள்ளையம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்றாள்.

“வாங்கக்கா! புள்ளைய எடுத்துக்கிட்டீங்க, இப்ப பேரையும் எடுத்துக்கிட்டீங்க!”

வெள்ளையம்மாவின் கண் உருவத்தின் முதுகிலேயே நின்றது. மரத்தில் பால் வெட்டியதுபோல முதுகு முழுக்கச் சரிந்த கோடுகள்.

“கலா... அந்த வெட்டு எந்தப் பக்கமா எறங்குதுன்னு பாரு.”

தோட்டத்தில் எல்லோரும் இடமிருந்து வலமாகச் சரித்து வெட்டுவார்கள். விஜயகலா பீச்சாங்கைக்காரி. அவள் வெட்டு மட்டும் வலமிருந்து இடமாக இறங்கும். அதற்காகக் கங்காணியிடம் அவள் வாங்காத ஏச்சில்லை.

முதுகிலிருந்த அத்தனை கோடும் வலமிருந்து இடமாக இறங்கின.

“நான் அழுதா பெரியம்மா என்னய நீங்க பால் வெட்டுன மரத்துக்குத் தூக்கிட்டுப் போவாங்கம்மா,” என்றாள் நிரோஷா. “‘இது ஒங்கம்மா கை’ன்னு அந்தத் தழும்பத் தடவச் சொல்லுவாங்க. ஒங்க மொகம் கூட மறந்து போச்சு... அந்த வெட்டு மறக்கல.”

விஜயகலாவின் இடது கை அந்தக் கோடுகளைத் தடவியது.

“சேலையக் கேட்டப்ப என்னயத்தான் செய்றான்னு நெனச்சேன்,” என்றாள் வெள்ளையம்மா. “நாலு மாசமா பூரிச்சுப் போயிருந்தேன் கலா... இப்பதான் தெரியுது, ஒடம்பு நீ. நான் வெறும் சேலை. ஒன்னப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்குடி!”

இத்தனை வருடம் தன் நெஞ்சுக்குள் கிடந்த சொல், அடுத்தவள் வாயிலிருந்து வந்ததும் விஜயகலாவுக்கு அழுகை பொங்கியது. வெள்ளையம்மாவை இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

வெளியே லொறி ஹோர்ன் அடித்தது.

விஜயகலா கண்ணைத் துடைத்துக்கொண்டு பச்சைச் சேலையை எடுத்து, தன் உருவத்துக்குத் தானே சுற்றினாள். பிறகு படங்குச் சாக்கை வெள்ளையம்மாவிடம் நீட்டினாள்.

“இந்த முடிச்சு எனக்குப் போட வராதுக்கா. நீங்களே கட்டுங்க.”

பதினைந்து வயதிலிருந்து தினமும் படங்கு கட்டி மலையேறியவள் விஜயகலா. அது வெள்ளையம்மாவுக்கும் தெரியும். என்றாலும் குனிந்து கட்டினாள்.